அம்மாவின் வண்டிக்கு ஒரு பேட்டரி

எதிர் அடுக்குமாடி புளோக்கில் தீப்பிடித்த மதியம் நான் வேலையில் இருந்தேன். அம்மா மட்டும் வீட்டில். சுவா சூ காங்கில் எங்கள் வீடு ஒன்பதாவது மாடி. சமையலறை ஜன்னலைத் திறந்தால் எதிர் புளோக்கின் நடைவழி நேராகத் தெரியும். யாரோ ஒருவர் மின்சைக்கிளின் பேட்டரியைக் கழற்றி, கூடத்தில் சார்ஜில் போட்டுவிட்டுக் கடைக்குப் போயிருக்கிறார். முதலில் வெள்ளைப் புகை. அப்புறம் பட்டாசுச் சரம் போலச் சத்தம். அப்புறம் ஜன்னல் கண்ணாடி உடைந்து நெருப்பு வெளியே வந்தது. தீயணைப்பு வீரர்கள் சீக்கிரம் வந்துவிட்டதால் உயிர்ச்சேதம் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் புகையை மூச்சில் இழுத்துவிட்டார் என்று மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். இவ்வளவையும் அம்மா ஜன்னலைப் பிடித்தபடி நின்று பார்த்திருக்கிறார்.

நான் திரும்பியபோது எங்கள் வாசலுக்கு வெளியே அம்மாவின் மொபிலிட்டி ஸ்கூட்டர் நின்றது. நான்கு சக்கரம், ஓர் இருக்கை, முன்னால் ஒரு கூடை. வீட்டில் அதை வண்டி என்றுதான் சொல்வோம். தேய்ந்த முழங்கால்களோடு அதை எப்படி வெளியே தள்ளினாரோ தெரியவில்லை. சார்ஜர் கம்பியைச் சுருட்டிச் செருப்பு அலமாரியின் மேல் வைத்திருந்தார்.

"உள்ள கொண்டுவந்துடட்டுமாம்மா? இங்க வச்சா வழியை மறைக்கும்," என்றேன்.

"வேணாம். இதுக்குள்ள இருக்கறதும் அதே சாமான்தானே?"

"அதே மாதிரிதான். ஆனா இது சோதனை பண்ணி முத்திரை குத்தினது. அந்தாளோடது எங்க வாங்கினதோ."

"அந்தாளும் நல்லதுன்னு நினைச்சுத்தானே சார்ஜ்ல போட்டுட்டுப் போயிருப்பாரு."

அம்மாவை நம்பவைக்க என்னால் முடியவில்லை. இத்தனைக்கும் பேட்டரிதான் என் தொழில். பல்கலைக்கழக ஆய்வுக்கூடம் ஒன்றில் லித்தியம் பேட்டரிக்கான பொருள்களைச் செய்து பார்க்கும் குழுவில் வேலை செய்கிறேன். எதைக் கலந்தால் கூடுதல் ஆற்றல் கிடைக்கும், எது சீக்கிரம் சார்ஜ் ஆகும், எது நெடுநாள் உழைக்கும் என்று பார்ப்பதிலேயே என் முப்பதுகள் முழுவதும் போய்விட்டன.

அம்மா ஒரு மருத்துவமனையில் தொலைபேசி ஆப்பரேட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். நாள் முழுக்கப் பேச்சிலேயே வாழ்ந்தவருக்கு, முழங்கால்கள் தேய்ந்து வீட்டோடு முடங்கியபோது பேச ஆள் இல்லாமல் போனதுதான் பெரிய வலி. அப்பா போய்ப் பல வருடம் ஆகிவிட்டது. நான் காலையில் போனால் இருட்டும்போதுதான் வருவேன். வண்டி வந்த பிறகு அம்மாவுக்கு மறுபடி ஒரு வாரம் என்று ஒன்று உண்டானது. செவ்வாய்க்கிழமை கீழே பூங்கா. வியாழன் நூலகம். சனிக்கிழமை தேக்கா சந்தை. அதற்கு எல்ஆர்டி குட்டி ரயிலில் புக்கிட் பாஞ்சாங், அங்கிருந்து டவுன்டவுன் ரயிலில் லிட்டில் இந்தியா. சந்தையில் மீனும் கீரையும் வாங்கிக்கொண்டு, பழைய தோழிகள் வந்து சேர்ந்ததும் உணவங்காடியில் உட்கார்ந்து நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீ. அந்தத் தோழிகளும் ஒரு காலத்தில் அதே சுவிட்ச்போர்டில் வேலை பார்த்தவர்கள்தான். நான்கு பேரும் சேர்ந்தால் யாரும் யாரையும் பேசி முடிக்க விடமாட்டார்கள்.

தீப்பிடித்த வாரம் அம்மா தேக்காவுக்குப் போகவில்லை. மறுவாரமும் போகவில்லை. தோழிகள் போன் செய்தபோது கால் வலி என்று சொன்னார். வண்டியை நான் உள்ளே கொண்டுவந்து வைத்தேன். அது சார்ஜ் இறங்கி அப்படியே கிடந்தது.

நான் சும்மா இருக்கவில்லை. விற்ற கடைக்காரரிடம் பேசி, லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகைப் பேட்டரி ஒன்றை மாற்றிப் போட்டேன். நிக்கல் கலந்த பேட்டரிகளைப் போல அது சட்டென்று கொதித்துவிடாது, சூட்டைத் தாங்கும். இன்றைக்குக் கையில் கிடைப்பவற்றில் நல்ல பாதுகாப்பானது அதுதான். இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு விளக்கினேன். அம்மா முழுக்கக் கேட்டார். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"அப்ப இது எரியவே எரியாதா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அப்படிச் சொல்ல முடியாதும்மா. உள்ள ஒரு திரவம் இருக்கு. அது இல்லாம பேட்டரி ஓடாது. அந்தத் திரவம் பெட்ரோல் மாதிரி, தீப்பிடிக்கக்கூடியது. எல்லா லித்தியம் பேட்டரியிலயும் அதான் இருக்கு."

"அதை மாத்திட வேண்டியதுதானே?"

"மாத்தறதுக்குத்தான் உலகம் பூரா ஆராய்ச்சி நடக்குது."

"நீ அதையா பண்றே?"

"அதுவும்தான். ஆனா வண்டிக்கு இல்ல. காருக்கு. ஒரு தடவை சார்ஜ் பண்ணா ரொம்ப தூரம் ஓடற மாதிரி."

"ஓ, காருக்கா," என்றார் அம்மா. குத்திக்காட்டவில்லை. புரிந்துகொண்டேன் என்கிற மாதிரி தலையாட்டிவிட்டு, குழம்புக்கு வெங்காயம் உரிக்கப் போய்விட்டார்.

எனக்கு அந்த 'காருக்கா' பல நாள் மனதில் கிடந்தது.

எங்கள் துறையில் ஆராய்ச்சி அலை அலையாக வரும். நான் சேர்ந்த புதிதில் எல்லோரும் நிக்கலைக் கூட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு கிராஃபைட்டுக்குப் பதில் சிலிக்கன் என்றார்கள். அப்புறம் திரவமே இல்லாத திட பேட்டரி. இப்போது லித்தியத்துக்குப் பதில் சோடியம் என்று ஒரு பக்கம், கணினியே புதுப் பொருளைத் தேடிக் கொடுக்கும் என்று இன்னொரு பக்கம். ஒவ்வொன்றிலும் உண்மை இருக்கிறது. நாங்களும் ஒவ்வோர் அலையிலும் கொஞ்சம் ஏறி இறங்கியிருக்கிறோம். அப்போது என் பொறுப்பில் இருந்தது திட பேட்டரி. பீங்கான் மாதிரியான ஒரு பொருளைத் தகடாக்கி, திரவத்துக்குப் பதிலாக வைப்பது. எரியாது, உண்மைதான். ஆனால் இரண்டு பக்கத்திலும் இறுக்கிப் பிடித்து நெருக்கினால்தான் வேலை செய்யும். பேட்டரியைவிட அதைப் பிடித்திருக்கும் இரும்புக் கவ்வி கனமாக இருக்கும். அம்மாவின் வண்டியில் அதை வைக்கலாமா என்று ஒருமுறை நினைத்துப் பார்த்து எனக்கே சிரிப்பு வந்தது.

எங்கள் குழுவின் தலைவர் ஐம்பதுகளில் இருக்கும் சீனப் பேராசிரியர். குரலை உயர்த்த மாட்டார், ஆனால் எளிதில் ஒப்புக்கொள்ளவும் மாட்டார். அவர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். முதியவர்களின் வண்டிகளுக்கும் சக்கர நாற்காலிகளுக்கும் என்றே ஒரு செல் வடிவமைக்க வேண்டும், ஆற்றல் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை, எரியக்கூடாது என்றேன். செல் என்றால் ஒரு பேட்டரிக்குள் அடுக்கியிருக்கும் சின்ன அலகு. எங்கள் வேலையெல்லாம் அந்த அளவில்தான்.

அவர் ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இது: "ஆற்றலைக் குறைத்துக்கொள்கிறேன் என்று சொல்கிற கட்டுரையை இப்போது யார் படிப்பார்கள்?"

"படிக்கிறவர்கள் படிக்கட்டும். வண்டியில் உட்காருகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்."

அவர் பேனாவைக் கையில் எடுத்தார். "சரி. உங்கள் அம்மாவுக்கு எவ்வளவு ஆற்றல் தேவை? குறைவு என்றால் எவ்வளவு குறைவு? மேட்டில் ஏறும்போது எவ்வளவு இழுக்கும்? அது தெரியாமல் எதை வடிவமைப்பீர்கள்?"

காருக்கு எவ்வளவு வேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். தினமும் வீட்டில் என் கண்முன்னால் நின்ற வண்டிக்கு எவ்வளவு என்று எனக்குத் தெரியாது.

ஆய்வுக்கூடத்தில் சோதனைக் கருவிகளைப் பார்த்துக்கொள்ளும் ஒரு சக ஊழியர் இருக்கிறார். என்னைவிடக் கொஞ்சம் இளையவர். தமிழ் முஸ்லிம் குடும்பம். அவர்களுக்குச் சிராங்கூன் ரோட்டுப் பக்கம் தலைமுறையாக ஜவுளிக்கடை உண்டு. அண்ணன்கள் கடையைப் பார்த்துக்கொள்ள இவர் மட்டும் படித்து இந்தப் பக்கம் வந்துவிட்டார். அவரிடம் சொன்னதும், "அதுக்கென்னக்கா, ஒரு லாகர் மாட்டிடலாம்லா," என்று உள்ளங்கையளவு கருவி ஒன்றை எடுத்து வந்தார். பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்று விநாடிக்கு விநாடி அது பதிந்துகொண்டே இருக்கும்.

"வண்டி ஓடினாத்தானே பதியும். அம்மா வெளிய வரமாட்டேங்கறாங்க," என்றேன்.

"ஆராய்ச்சிக்குன்னு சொல்லிப் பாருங்க. ஆன்ட்டி வருவாங்க."

அவர் சொன்னது சரியாகப் போயிற்று. எனக்காக என்று கேட்டிருந்தால் கால் வலி என்றிருப்பார். ஆராய்ச்சிக்கு என்றதும் அம்மா, "எங்கெங்க போகணும்? மேடு பள்ளம் எல்லாம் வேணுமா?" என்று விசாரிக்க ஆரம்பித்தார். சார்ஜ் போடுவதற்கு மட்டும் ஒரு நிபந்தனை வைத்தார். நான் வீட்டில் இருந்து, பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு மதியம் முழுக்க வண்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன்.

சனிக்கிழமை காலை கிளம்பினோம். இருக்கைக்குக் கீழே லாகரைக் கட்டியிருந்தேன். அம்மா முன்னால், நான் பின்னால். அதுவரை நான் அம்மாவோடு அப்படிப் போனதே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. எப்போதும் இருவரும் சேர்ந்து போனால் டாக்சிதான். புளோக்குக்குக் கீழே இருந்து சாலைக்கு இறங்கும் சரிவில் அம்மா ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவார். லிஃப்டுக்குள் பின்புறமாகத்தான் நுழைவார், வெளியே வரும்போது நேராக வரலாம் என்று. ரயில் பெட்டியில் எந்தக் கதவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். லிட்டில் இந்தியா நிலையத்தில் இறங்கி மேலே வந்ததும் பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடைகளின் கூட்டம். கடை முகப்பிலுள்ள ஐந்தடி நடைபாதையில் கடைக்குக் கடை படி வைத்திருப்பதால் வண்டி ஏறாது. அதனால் சாலை ஓரமாகவே, ஒரு கடைக்கு முன்னால் நின்று, நகர்ந்து, மறுபடி நின்று போனார். வாழைப்பூ விற்கிறவர், "என்னம்மா ஆளையே காணோம்?" என்றார். அம்மா, "மகளோட ஆராய்ச்சிக்காக வந்திருக்கேன்," என்று அவருக்கு முழுக்கதையும் சொன்னார். எனக்குக் கூச்சமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது.

உணவங்காடியில் தோழிகள் மூவரும் ஏற்கெனவே வந்திருந்தார்கள். ஒருவர் அம்மாவின் தோளில் ஓர் அடி போட்டு, "கால் வலியா உனக்கு?" என்றார். அம்மா சிரித்துக்கொண்டே என்னைக் கைகாட்டினார். அதற்குப் பிறகு என்னை யாரும் கவனிக்கவில்லை. நான் ஒரு பரோட்டாவைத் தின்றபடி அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

திங்கட்கிழமை லாகரைக் கணினியில் போட்டுப் பார்த்தோம். வரைபடத்தில் கோடு பெரும்பாலும் தாழ்வாகவே ஓடியது. நிற்பது, மெல்ல நகர்வது, லிஃப்டுக்குக் காத்திருப்பது. சரிவு ஏறும் சில இடங்களில் மட்டும் சட்டென்று மேலே போய் உடனே இறங்கியது. மொத்தமாகச் செலவான ஆற்றல் நான் நினைத்ததைவிடக் குறைவு. நாங்கள் இத்தனை காலம் விரட்டிக்கொண்டிருந்த அளவு அம்மாவுக்குத் தேவையே இல்லை. பேராசிரியர் அந்தக் கோட்டை நெடுநேரம் பார்த்தார். "இது கையாளக்கூடிய கணக்கு. அடுத்த திட்ட மீளாய்வு வரை செய்து பாருங்கள். இருக்கிற பொருள்களை வைத்துத்தான்," என்றார். அவர் அளவில் அது பெரிய சம்மதம்.

நேர்முனைக்கு இரும்பு பாஸ்பேட், எதிர்முனைக்குக் கிராஃபைட், இரண்டும் பழக்கமானவை. நடுவில் இருக்கும் திரவத்தைத்தான் மாற்ற வேண்டும். தீயை அடக்கும் குணமுள்ள பாஸ்பேட் திரவம் ஒன்று உண்டு. பற்றவைத்தாலும் எரியாது. ஆனால் அது கிராஃபைட்டுக்கு ஆகாது. அதன் அடுக்குகளுக்குள் புகுந்து பிய்த்துப்போட்டுவிடும். அதனால் அந்தத் திரவத்தைச் சுதந்திரமாக அலையவிடாமல், செல்லுக்குள் ஊற்றிய பிறகு ஆய்வுக்கூட அடுப்பில் சூடாக்கி உள்ளேயே ஜெல்லியாக உறைய வைக்கலாம் என்று திட்டம். சூடு எல்லை மீறினால் அந்த ஜெல்லி இன்னும் இறுகி, அயனிகள் போகும் வழியை அடைத்துவிட வேண்டும். அதாவது செல் தானாகவே நின்றுவிட வேண்டும். இந்த யோசனைகள் எதுவும் புதியவை அல்ல. பல நாட்டு ஆய்வாளர்கள் துண்டு துண்டாகச் செய்து பார்த்தவை. ஒரு வண்டிக்காக எல்லாவற்றையும் ஒரே செல்லில் சேர்ப்பதுதான் எங்கள் வேலை.

முதல் தொகுதி செல்கள் பலூன் போல உப்பின. கிராஃபைட்டின் மேல் ஒரு காப்புப் படலம் உண்டாக்கும் பொருளைச் சேர்த்த பிறகு உப்பல் நின்றது. அடுத்து வேறு தொல்லை. ஒரே நாளில், ஒரே கலவையில், ஒரே கையால் செய்த செல்களில் சில அருமையாக ஓடின, சில இரண்டு மூன்று நாளிலேயே சோர்ந்துபோயின. எது ஏன் என்று பிடிபடவில்லை. காற்றின் ஈரமோ என்று சந்தேகப்பட்டோம். இந்த ஊரில் எதற்கும் முதல் குற்றவாளி ஈரம்தான். ஈரம் புகாத கண்ணாடிப் பெட்டிக்குள் கையுறை வழியாகக் கையை விட்டுத்தான் செல்களைச் செய்வோம். அந்தப் பெட்டியின் ஒவ்வொரு மூட்டையும் சோதித்தோம். கசிவு இல்லை. திரவத்தில் கரைக்கும் லித்தியம் உப்பை மறுபடி உலர்த்தினோம். மாற்றம் இல்லை. வாரங்கள் போயின. மீளாய்வு நெருங்கியது. நான் வீட்டில் அதிகம் பேசாமல் இருந்தேன் போலிருக்கிறது. அம்மா என் தட்டில் ஒரு துண்டு மீன் கூடுதலாகப் போட்டார்.

கடைசியில், சோர்ந்துபோன செல் ஒன்றைப் பெட்டிக்குள் வைத்து நறுக்கிப் பிரித்தோம். ஓரங்களில் ஜெல்லி நன்றாக உறைந்திருந்தது. நடுவில் இன்னும் தண்ணியாகவே இருந்தது. சக ஊழியர் கையுறையிலிருந்து கையை எடுக்காமலே கேட்டார்.

"அக்கா, இதை அடுப்புல எப்படி வச்சோம்?"

"ஒண்ணு மேல ஒண்ணு அடுக்கித்தான். எல்லாத்தையும் ஒரே தடவையா வச்சிடலாம்னு."

"அப்ப நடுவுல இருக்கறதுக்குச் சூடு போயிருக்குமா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். நேரத்தை மிச்சம் பிடிக்க நாங்கள் அடுக்கியதுதான் காரணம். மேலேயும் கீழேயும் இருந்தவை வெந்தன, நடுவில் இருந்தவை வேகவில்லை. இவ்வளவுதான் விஷயம். அவர் சிரிக்க ஆரம்பித்தார், எனக்கும் அடக்க முடியவில்லை. அன்றே செல்களைத் தனித்தனியாகப் பரப்பி, சூட்டைக் குறைத்து, நிதானமாக உறைய விட்டோம். அந்தத் தொகுதியில் ஒன்றுகூடச் சோர்ந்துபோகவில்லை.

செல் ஓடுகிறது என்பது ஒரு பாதி. எரியாது என்பதைக் காட்ட வேண்டும். அதற்கு ஆணிச் சோதனை என்று ஒன்று உண்டு. முழுக்கச் சார்ஜ் ஆன செல்லில் ஓர் எஃகு ஆணியை ஊடுருவச் செலுத்துவார்கள். உள்ளே இரண்டு முனைகளும் நேராகத் தொட்டுக்கொள்ளும். ஒரு பேட்டரிக்கு நடக்கக்கூடிய மோசமான விபத்துகளில் அது ஒன்று. தெம்பனிஸில் அதற்கான தனியார் சோதனைக்கூடம் இருக்கிறது. தடித்த சுவருக்குள் சோதனை நடக்கும், பார்க்கிறவர்கள் வேறு அறையில் திரையில் பார்க்க வேண்டும்.

விஷயத்தைச் சொன்னதும் அம்மா, "நானும் வரலாமா?" என்றார்.

தயங்கினேன். அங்கே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சாதாரண நிக்கல் செல் ஒன்றையும் ஆணியால் குத்துவார்கள். அது எரியும். ஜன்னலில் நின்று பார்த்ததை அம்மா மறுபடி பார்க்க வேண்டுமா? சக ஊழியரிடம் கேட்டேன். அவர், "ஆன்ட்டியே முடிவு பண்ணட்டுமேக்கா," என்றார். அம்மாவிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொன்னேன். "தெரிஞ்சுதான் கேக்கறேன்," என்றார். சோதனைக்கூடத்தில் அனுமதி வாங்கினோம்.

புக்கிட் பாஞ்சாங்கில் ஏறினால் அதே ரயில் தெம்பனிஸ் வரை போகும். லிட்டில் இந்தியா வந்தபோது கதவு திறந்தது, மூடியது. அம்மா வண்டியில் உட்கார்ந்தபடி, "இதுவரைக்கும் இதைத் தாண்டிப் போனதே இல்ல," என்றார். அதற்கப்புறம் ஒவ்வொரு நிலையத்தின் பெயரையும் படித்துக்கொண்டே வந்தார்.

பார்வை அறையில் ஐந்தாறு பேர் இருந்தோம். பேராசிரியரும் வந்திருந்தார். அம்மாவைப் பார்த்ததும் எழுந்து நின்று, தன் நாற்காலியை நகர்த்தி வண்டிக்கு இடம் செய்துகொடுத்தார். முதலில் நிக்கல் செல். திரையில் ஆணி மெல்ல இறங்கியது. தொட்ட மறுகணம் புகை பீய்ச்சியடித்தது, உடனே வெள்ளையும் ஆரஞ்சுமாக நெருப்பு. திரை முழுக்க வெளிச்சம். அம்மாவின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. நான் திரையைப் பார்க்கவில்லை, அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணை மூடவில்லை அவர். நெருப்பு அடங்கும் வரை பார்த்தார்.

அறையைக் குளிரவைத்து, சுத்தம் செய்து, எங்கள் செல்லை வைக்க நேரம் பிடித்தது. சக ஊழியரின் உதடுகள் சத்தமில்லாமல் அசைந்துகொண்டிருந்தன. பிரார்த்தனையாக இருக்கலாம்.

ஆணி இறங்கியது. செல்லின் தோல் உள்வாங்கியது. ஆணி மறுபக்கம் வந்தது. திரையின் ஓரத்தில் வெப்பத்தைக் காட்டும் எண் ஏறத் தொடங்கியது. ஏறியது, இன்னும் ஏறியது. பிறகு வேகம் குறைந்தது. ஓரிடத்தில் தயங்கி நின்றது. அப்புறம் இறங்கத் தொடங்கியது. புகை இல்லை. செல் அப்படியே, ஆணி குத்திய மேனிக்குக் கிடந்தது.

நாங்கள் காத்திருந்தோம். இன்னும் காத்திருந்தோம். அம்மாதான் முதலில் பேசினார்.

"எப்ப ஆரம்பிப்பாங்க?"

"முடிஞ்சிடுச்சும்மா."

"ஒண்ணுமே ஆகலையே."

"ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதாம்மா."

அம்மா திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். என் மணிக்கட்டை இன்னும் விட்டிருக்கவில்லை. "ஆணி உள்ளயா இருக்கு?" என்றார்.

"உள்ளதான் இருக்கு."

அப்போதுதான் அவர் முகம் மாறியது. புரிந்த முகம். என் வேலையைப் பற்றி எத்தனையோ தடவை அம்மாவுக்கு விளக்கியிருக்கிறேன். அப்படி ஒரு முகத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பேராசிரியர் என் பக்கம் திரும்பி, "மீதி செல்களையும் குத்திவிடலாம். ஒன்றை வைத்து நான் நம்பமாட்டேன்," என்றார். ஆனால் அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மீதிச் செல்களையும் குத்தினார்கள். ஒன்று மட்டும் லேசாக உப்பியது. மற்றவை அதே போல அமைதியாகக் கிடந்தன.

இது நடந்த பிறகு எல்லாம் சட்டென்று மாறிவிடவில்லை. எங்கள் செல் சார்ஜ் ஆக அதிக நேரம் எடுக்கும். ஜெல்லிக்குள் அயனிகள் திரவத்தில் போவது போல ஓடாது. வெயிலில் பல வருடம் நின்றால் என்ன ஆகும் என்பதை வருடங்கள்தான் சொல்ல வேண்டும். கட்டுரையை முதலில் அனுப்பிய இதழ், ஆற்றல் அடர்த்தி போதாது என்று திருப்பி அனுப்பியது. பேராசிரியர் எதிர்பார்த்ததுதான். இரண்டாவது இதழ் ஏற்றுக்கொண்டது. அதைப் படித்துவிட்டு வெவ்வேறு ஊர்களிலிருந்து எழுதினார்கள். மருத்துவமனைப் படுக்கைகளுக்கு ஆகுமா, வீட்டில் சூரியசக்தியைச் சேமித்து வைக்கும் பெட்டிக்கு ஆகுமா என்று கேட்டிருந்தார்கள். அப்படிக் கேட்கிறவர்கள் இத்தனை பேர் இருப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த இரண்டு மாணவிகள் இதிலேயே வேலை செய்ய வேண்டும் என்று கேட்டு வந்திருக்கிறார்கள். ஒருத்தி இதே ஜெல்லியைச் சோடியம் செல்லில் முயன்றுகொண்டிருக்கிறாள். முதல் முடிவுகள் மோசமில்லை.

இங்கேயே பாகங்களைச் சேர்த்து இப்படிப்பட்ட வண்டிகளைச் செய்து தரும் ஒரு சின்ன நிறுவனம், எங்கள் செல்களை வைத்துச் சில வண்டிகளை ஓட்டிப் பார்க்க ஒப்புக்கொண்டிருக்கிறது. சம்பந்தப்பட்ட அனுமதிகள் வர வேண்டும், முறையான பரிசோதனைகள் இன்னும் பாக்கி இருக்கின்றன. அடுத்த வருடம் நடக்கலாம். ஓட்டிப் பார்க்க ஆட்கள் தேவைப்படும் என்று அந்த நிறுவனத்தின் பெண்மணி சொன்னபோது, ஆராய்ச்சியாளரின் குடும்பத்தார் அதில் சேரக்கூடாது என்பது விதி என்றும் சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து வருத்தத்தோடு அம்மாவிடம் சொன்னேன்.

அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தார். "நான் சேரக்கூடாதுன்னா போகட்டும்," என்றார். "என் ஃபிரெண்ட்ஸ் சேரலாம்ல? ஒருத்திக்கு இப்ப இடுப்பு ஆபரேஷன் ஆயிருக்கு. இன்னொருத்தி வண்டி வாங்கப் பயந்துகிட்டு வீட்டிலேயே கிடக்கா. நான் பேசறேன்."

அப்போதே போனை எடுத்தார். அந்தப் பக்கம் எடுத்தவர் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள் ஆணிச் சோதனையை முதலிலிருந்து விவரிக்க ஆரம்பித்தார். ஆணி எப்படி இறங்கியது, எண் எப்படி ஏறியது, பிறகு எப்படி இறங்கியது என்று. சில இடங்களில் தவறாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. மடித்த துணிகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு, நாளைக்கு ஆய்வுக்கூடத்தில் உலர்த்த வேண்டிய உப்பைப் பற்றி யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.